எஃப் ஏழிலிருந்து வந்த கேள்வி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பிறர் மனதைப் படிப்பதாகச் சொல்லி ஊரை ஏமாற்றும் வேலையில் ஆறு வருஷம் இருந்தவள் நான். ஒரு பொய்யை எப்படித் தயார் செய்வது என்பது எனக்கு அத்துப்படி. அதனால்தான் சொல்கிறேன், இதில் பொய் கிடையாது. போன ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. அபிராமபுரத்தில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழா. கரண்ட் போகவில்லை, மழை இல்லை, மண்டபத்தில் பாதிக்கு மேல் ஜனம். அப்படிப்பட்ட இடத்தில்தான் நடந்தது.

என் பெயர் கீர்த்தி. மேடையில் நின்று கைதட்டல் வாங்குபவர் ஸ்ரீரங்கன் சார். நான் மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் மைக்கோடு உட்கார்ந்திருப்பேன். தொழில் ரகசியத்தைப் போட்டு உடைக்கிறேன், இனி எனக்கென்ன. மண்டபத்துக்குள் வருகிறவர்களிடம் ஓர் அட்டையில் செருகிய சீட்டைக் கொடுப்போம். மனதில் உள்ள ஒரு கேள்வி, இருக்கை எண், இரண்டையும் எழுதி, மடித்து, அவர்களே கண்ணாடிக் கிண்ணத்தில் போட வேண்டும். சீட்டை நாங்கள் தொட மாட்டோம். தொடத் தேவையே இல்லை. அட்டையைத் திரும்ப வாங்கும்போது அடியில் இருக்கும் மெல்லிய தாளை நான் உருவிக்கொள்வேன். அதன் மேல் பென்சிலை லேசாகத் தேய்த்தால், எழுதியது அப்படியே எழும்பி வரும்.

அதை நான் மைக்கில் முணுமுணுப்பேன். சாரின் இடது காதுக்குள் பட்டாணி அளவில் ஒரு கருவி. காதில் விழுந்ததை அவர் உடனே வாயால் சொல்வார். யோசிக்கக் கூடாது. யோசித்தால் முகத்தில் தெரிந்துவிடும். பல வருஷப் பழக்கத்தில், சாருக்குக் காதுக்கும் வாய்க்கும் நடுவே மூளை குறுக்கே வருவதே இல்லை. அந்தப் பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தியவள் சிம்ரா.

எனக்கு முன்னால் அந்த மைக்கில் இருந்தவள் அவள். ராயப்பேட்டைக்காரி. என் தோழி. பேசுவதற்கு முன் நகத்தால் மைக்கை இரண்டு தட்டு தட்டுவாள். டக்... டக். "சார் முழிச்சுக்கினு கீறாரான்னு பாக்க வேணாமா?" என்று சிரிப்பாள்.

இந்த விழாவுக்குப் பத்து மாதம் முன்பு, கொட்டிவாக்கத்தில், விடியற்காலை 5:40. சார் கண்ணைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டுவதாக ஒரு வீடியோ எடுத்தோம். வழக்கமாக மூக்கோரத்தில் துணிக்கு அடியில் இடைவெளி இருக்கும், பாதை தெரியும். அன்று முகத்தை மிக நெருக்கத்தில் எடுக்க வேண்டும் என்று, நிஜமாகவே இறுக்கிக் கட்டச் சொன்னார். சிம்ரா முன்னால் ஸ்கூட்டரில் போனபடி காதில் வழி சொல்வாள் என்பது ஏற்பாடு. நான் பக்கத்து இருக்கையில், கேமராவில் கண் வைத்தபடி. ஒரு சத்தம் கேட்டது. கார் நின்றபோது சிம்ரா அதற்கு அடியில் கிடந்தாள்.

"அவ ஒண்ணுமே சொல்லலை கீர்த்தி. லைன் கட் ஆயிடுத்து" என்றார் சார். ஆம்புலன்ஸ் வரும்முன் அவள் போய்விட்டாள். காரைப் பக்கத்துத் தெருவில் மறைத்துவிட்டு, எவனோ இடித்துவிட்டுப் போயிருக்கிறான், நாங்கள் வந்து பார்த்தோம் என்று போலீஸில் சொன்னோம். நானும் தலையாட்டினேன். வீடியோவை என் கையாலேயே அழித்தேன். அடுத்த மாதம் அவளுடைய மைக் எனக்கு வந்தது. அவள் அம்மா வஜீஹா வாரம் தவறாமல் எனக்குப் போன் செய்வார். "இடிச்ச வண்டி கெடச்சுதாம்மா?" என்று கேட்பார். இல்லம்மா என்பேன். என்னைப் போல ஒரு கேவலமான தோழி யாருக்கும் வாய்க்கக் கூடாது.

விழாவுக்கு வருகிறேன்.

மாலை 6:22. சங்கத்தின் செயலாளர் சுப்பராமன் மாமா அறைக்குள் எட்டிப் பார்த்தார். "எல்லாரும் வந்தாச்சும்மா, ஆரம்பிச்சுடலாமோன்னோ?" என்றார். இன்னும் பத்தே நிமிஷம் மாமா என்றேன்.

6:24. கதவைச் சாத்திக்கொண்டு தாள்களை எண்ணினேன். வாசலில் எழுதியவர்கள் நாற்பது பேர். தாள்கள் நாற்பத்தொன்று. இரண்டு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்து, கடைசித் தாளில் பென்சிலைத் தேய்த்தேன். எழுத்து எழும்பியது.

எஃப் 7. நான் எத்தனை வாட்டி சொன்னேன்?

கேள்விக்குறிக்குக் கீழே புள்ளி இல்லை. சின்ன வட்டம். சிம்ரா அப்படித்தான் போடுவாள். ஐந்து வருஷத்துக்கு மேல் அவள் எழுத்தைப் பார்த்தவள் நான்.

திரையை விலக்கிப் பார்த்தேன். எஃப் வரிசையில் ஏழாவது இருக்கையில் யாரும் இல்லை. அந்த மண்டபத்தில் ஆள் உட்காராத இருக்கைகள் தானாக மடங்கி நிமிர்ந்து நிற்கும். எஃப் 7 மட்டும் கீழே இறங்கியிருந்தது. ஸ்பிரிங் பழுதாக இருக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அந்தத் தாளை மடித்து என் பைக்குள் போட்டேன்.

6:34. நிகழ்ச்சி தொடங்கியது. பி 4, மகனுக்கு விசா. சி 11, முழங்கால் வலி. நான் சொல்லச் சொல்ல சார் கண்ணை மூடி, நெற்றியைத் தடவி, ஜமாய்த்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

6:52. என் ஹெட்போனில்...

டக்... டக்.

நான் மைக்கைத் தொடவே இல்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன.

மேடையில் சார் ஒரு நொடி தடுமாறினார். பிறகு சமாளித்துச் சிரித்தார்.

7:08. மறுபடி. டக்... டக். இந்த முறை அதற்குப் பின்னால் ஒரு மூச்சுச் சத்தம். திரையின் இடுக்கில் பார்த்தேன். சார் இடது கையைக் காதுக்குக் கொண்டுபோய்விட்டு இறக்கினார். கருவியைச் சரி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

7:09. "ஜி 3. பெண்ணின் கல்யாணம்" என்றேன்.

சார் வாயைத் திறந்தார்.

"எஃப் ஏழு."

அந்தத் தாளை நான் மைக்கில் படிக்கவே இல்லை. அது என் பைக்குள் இருக்கிறது.

"எஃப் ஏழுல ஒருத்தி கேக்கறா, நான் எத்தனை வாட்டி சொன்னேன்னு."

ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். காலி இருக்கை. சிலர் சிரித்தார்கள்.

"மூணு வாட்டி" என்றார் சார்.

குரல் அவருடையது. பேச்சு அவருடையது இல்லை.

"நான் முன்னாடி ஸ்கூட்டர்ல போய்க்கினு இருந்தேன். நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சி. பிரேக் போட்டேன். சார் நிறுத்துன்னேன். சார் நிறுத்துன்னேன். அய்யோ அல்லா, நிறுத்து சார்ன்னேன்."

பிறந்தது முதல் மயிலாப்பூர் பாஷை மட்டுமே பேசிய மனுஷர். மிமிக்ரி என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

நான் மைக்கில் கத்தினேன். "சார், நிறுத்துங்க! சார்!"

அவர் நிறுத்தவில்லை.

மைக்கின் வயரைப் பிடுங்கினேன். பெட்டியில் விளக்கு அணைந்தது.

அப்போதும் நிறுத்தவில்லை.

"உனுக்குக் கேக்கல. ஏன் கேக்கல? கேமராவுல தெரிஞ்சிடும், ரோடு நேராத்தான போவுதுன்னு, கேமரா ஓடறதுக்கு முன்னாடியே காதுல இருந்தத கழட்டி சட்டப் பாக்கெட்ல போட்டுக்கினே."

லைன் கட் ஆகவில்லை... அவள் கத்தியிருக்கிறாள். மூன்று முறை கத்தியிருக்கிறாள். இது எனக்குத் தெரியாது. அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது.

சார் அழுதுகொண்டிருந்தார். கண்ணீர் கொட்டுகிறது. வாய் மட்டும் பேசுகிறது.

கையால் வாயைப் பொத்தினார். விரல்களுக்கு நடுவிலிருந்து வந்தது.

இடம். தேதி. காரின் எண். முன்பக்கத்தை மாற்றிய பட்டறை. எல்லாம்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"கார்ல இன்னொருத்தியும் இருந்தா."

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன்.

"வீடியோவ அழிச்சா. என் மைக்க எடுத்துக்கினா. எங்கம்மாகிட்ட பொய் சொல்லிக்கினே கீறா."

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"அவ பேர நான் சொல்ல மாட்டேன்."

ஒரு மூச்சு...

"அவளே சொல்வா."

7:20. எஃப் 7 இருக்கை...

டப்.

மடங்கி நிமிர்ந்தது.

சார் மேடையிலேயே சரிந்தார். அதே நேரம் என் போன் அடித்தது. வஜீஹா அம்மா. எடுத்தேன். வாராவாரம் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்.

"கெடச்சிடுச்சும்மா" என்றேன். "நானும் அந்த வண்டியிலதான் இருந்தேன்."

"நீயா கீர்த்தி?" என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையை நான் சாகும்வரை சுமப்பேன்.

அன்று இரவே வாக்குமூலம் கொடுத்தேன். தண்டனை எது வந்தாலும் வாங்கிக்கொள்வேன். சார் காவலில் இருக்கிறார். யாரிடமும் பேசுவதில்லை. இடது காதைக் கையால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்வி. அவர் பேசியது எப்படி என்று எனக்கு நானே ஒரு பதில் வைத்திருந்தேன். யாரோ சிம்ராவுக்கு வேண்டியவர்கள் எங்கள் லைனுக்குள் புகுந்து பேசியிருப்பார்கள், சார் பழக்கதோஷத்தில் அப்படியே சொல்லியிருப்பார் என்று.

நான்கு நாள் கழித்து என்னை மறுபடி கூப்பிட்டார்கள். நிகழ்ச்சி முழுவதையும் சுப்பராமன் மாமா முதல் வரிசையிலிருந்து போனில் பிடித்திருக்கிறார். விசாரணை அதிகாரி அதை ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்தினார். "இது இன்னாம்மா பண்றாரு உங்க சாரு?" என்று கேட்டார்.

மணி 7:08. சார் இடது கையைக் காதுக்குக் கொண்டுபோகிறார். கருவியைச் சரி செய்யவில்லை. அதைக் கழற்றுகிறார். சட்டைப் பாக்கெட்டில் போடுகிறார். எஃப் ஏழு என்று அவர் வாயைத் திறந்தது 7:09. அப்போது அவர் காதில் எதுவுமே இல்லை. மயங்கி விழுந்த பிறகு போலீஸ் அந்தக் கருவியை எடுத்ததும் அதே பாக்கெட்டிலிருந்துதான்.

விழா நடந்த நாளிலிருந்து நான் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் படுத்தேன். அந்த வீடியோவைப் பார்த்த பிறகு அடைப்பதில்லை.