சொல்தா ஜெராரின் டீசல் அம்பாசடர்

ரெட்டியார்பாளையத்தில் ஜெரார் தம் டீசல் அம்பாசடரைக் கிளப்பினால், கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள்கூட எழுந்து வீட்டுக்கு நடந்துவிடுவார்கள். இதில் உப்பு சற்றுக் கூடிவிட்டது என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். எழுந்து நடக்க மாட்டார்கள். புரண்டு படுப்பார்கள், அவ்வளவுதான்.

ஜெரார் மீசை முளைத்த கையோடு கப்பலேறிப் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தவர். பென்ஷனும் ஒரு பெரே தொப்பியுமாக ஊர் திரும்பினார். ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரரை ஊரில் சொல்தா என்பார்கள். சொல்தா ஜெரார் ராணுவத்தில் டேங்க் இஞ்சின் பழுது பார்த்ததாகத் தெருவில் பேச்சு. பேச்சைக் கிளப்பியவர் அவரேதான். உண்மையில் அவர் பாசறைச் சமையல்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்தார். ஆனால் அந்தச் சமையல்கூடத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அறிவு எந்த ஜன்னல் வழியாக வேண்டுமானாலும் வரலாம் அல்லவா?

அந்த வெள்ளை அம்பாசடர் அவர் அப்பா வைத்துவிட்டுப் போனது. பெட்ரோல் வண்டி. வயதான வண்டிதான், ஆனால் மூச்சிருந்தது. அந்த வீட்டில் ஜெரார் சொன்ன பேச்சைக் கேட்பது அந்த வண்டி ஒன்றுதான். அதுவும் எப்போதாவது.

புதுச்சேரியில் பெட்ரோல் மலிவு என்பதற்காகவே திண்டிவனத்துக்காரனும் விழுப்புரத்துக்காரனும் எல்லை தாண்டி வந்து நிரப்பிக்கொண்டு போகிற காலம் அது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, இருக்கிற பெட்ரோல் இஞ்சினைப் பிடுங்கி எறிந்துவிட்டு டீசல் இஞ்சின் வைப்பதென்று ஒரு மனிதர் முடிவெடுத்தால் அதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும். இருந்தது. மனைவியின் அண்ணன், மச்சான் பெஞ்சமேன், பிரான்சில் துலூசிலிருந்து போனில் சொன்னார்: "இங்கல்லாம் இப்ப டீசல் காருதான் மாப்ள. பெட்ரோலு வண்டி வெச்சிருக்கறவன ஒரு மாதிரி பாக்கறான்."

ரெட்டியார்பாளையத்தில் ஜெராரை யாரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை. இருந்தும் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

விழுப்புரம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த கலைவாணனிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். கலைவாணன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். மொசியே என்பது அவன் வாயில் மிசே ஆகிவிடும்.

"வேணாம் மிசே. ரிங்கு தேஞ்சிருக்கு, அவ்ளோதான். மாத்தி உட்டா இன்னும் பத்து வருசம் ஓடும்."

"டேங்க் இஞ்சினையே கழட்டி மாட்டினவன்டா நானு."

"டேங்குன்னா தண்ணி டேங்கா மிசே?"

விழுப்புரத்தில் உடைப்புக்குப் போட்டிருந்த ஒரு வேனின் டீசல் இஞ்சின் லாரியில் வந்து இறங்கியது. அதைப் பார்த்ததும் அம்பாசடரே ஓரடி பின்வாங்கியது என்று சொல்பவர்கள் உண்டு. பழைய இஞ்சின் இருந்த இடத்தில் புதியது உட்கார மறுத்தது. பிடிமானங்களை வெட்டி வேறு இடத்தில் பற்ற வைத்தார்கள். இஞ்சினும் கியர்பாக்சும் ஒன்றையொன்று பார்க்கவே விரும்பாத சம்பந்திகளைப்போல் நின்றதால், நடுவில் ஓர் இரும்புத் தகட்டைக் கடைந்து வைத்துச் சமாதானம் செய்தார்கள். பானெட் மூடவில்லை, அதில் ஒரு திமில் தட்டினார்கள். டீசல் இஞ்சினின் கனத்தில் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்துபோய், எதிரே வருபவர்களை எல்லாம் கும்பிடுவதுபோல் நின்றது. ஜெராரின் குடும்பத்தில் அவ்வளவு பணிவாக நடந்துகொண்டது அதுதான் முதல்.

கிளப்புவதற்குச் சாவியைப் பாதி திருகி, உள்ளே ஹீட்டர் சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்லும் நேரம். "செபம் சொன்னாத்தான் கெளம்பும்னா அது காரா, கோயிலா?" என்றாள் அவர் மனைவி அஞ்செல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கே அதில் போனார்கள். ஜெரார் வாசலில் நிறுத்தி, சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்தபடி உள்ளே போனார். டீசல் இஞ்சின் சாவிக்கு அடங்காது, அதை நிறுத்தத் தனியாக ஒரு குமிழை இழுக்க வேண்டும் என்று கலைவாணன் சொல்லத்தான் செய்தான். அந்த நேரத்தில் மிசே டேங்க் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பூசை முழுக்க வெளியே தடதடவென்று ஓடியது. சாமியார் பிரசங்கத்தில் குரலை உயர்த்த உயர்த்த, இஞ்சினும் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜெயம் குனிந்து அஞ்செலிடம், "கோயிலுக்குப் புது ஜெனரேட்டரு வாங்கிட்டாங்களா அக்கா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அஞ்செல் முக்காட்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "வர ஞாயித்துக்கெழம எங்க அண்ணன் வராரு. இந்த வண்டியிலயே மெட்ராசு ஏர்போர்ட்டுக்குப் போயி கூட்டியாந்து காட்டுங்க. இஞ்சினு வழியில நின்னுச்சு, திங்கக்கெழம காயலாங்கடக்காரன் வந்து வண்டிய தூக்கிட்டுப் போவான். சொல்லிட்டேன்."

அஞ்செல் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை மாற்றப் பாரிசிலிருந்து ஆணை வந்தாலும் ஆகாது. அப்பாவின் வண்டி காயலாங்கடைத் தராசில் ஏறும் காட்சி ஜெராரின் கண்ணில் அந்த வாரம் முழுக்க நின்றது. தினமும் துடைத்தார். டயரைக்கூடத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தார்.

ஞாயிறு விடிகாலை ஒரு குறையும் இல்லாமல் கிளம்பியது. பின் சீட்டில் அஞ்செல், மடியில் அண்ணனுக்கு ஒரு மாலை, காலடியில் இட்லித் தூக்கு. கோரிமேட்டு எல்லைக்கு முன்னால் இருந்த பங்க்கில் ஜெரார் வண்டியை ஒடித்து நிறுத்தி, மறக்காமல் குமிழை இழுத்தார். மனது நிறைந்திருந்தது. மனது நிறைந்தால் அவருக்குப் பிரெஞ்சு வந்துவிடும். கோபத்துக்குத் தமிழ்தான் வசதி. இறங்கி, பங்க்கில் வேலை பார்க்கும் அரிகிருஷ்ணனைப் பார்த்து விரலை உயர்த்தினார்.

"ப்ளேன்."

தொட்டி முழுக்க நிரப்பு என்று அதற்குப் பிரெஞ்சில் அர்த்தம். துலூசில் சொல்லியிருந்தால் சரியாக நடந்திருக்கும். கோரிமேட்டுப் பங்க்கில் பிளெயின் என்றால் ஆயில் கலக்காத வெறும் பெட்ரோல். ஸ்கூட்டர்காரன் ஆயில் போட்டுக் கேட்பான், கார்காரன் பிளெயின் கேட்பான். அரிகிருஷ்ணன் பொறுப்பானவன். வண்டியைப் பார்த்தான்: பழைய அம்பாசடர். தொட்டி மூடியைப் பார்த்தான்: சிவப்பில் பெட்ரோல் என்று எழுதியிருந்தது. இஞ்சினை மாற்றியவர்கள் அந்த எழுத்தை மாற்றவில்லை. இருந்தாலும் கேட்டான்.

"பிளெயின்தானே சார்?"

"வி, வி. ப்ளேன்." ஆமாம் என்பதற்கும் அவருக்கு அப்போது பிரெஞ்சுதான் வந்தது.

"முழுசாவா?"

"அதத்தான்யா சொல்றேன், ப்ளேன்னு."

சொல்லிவிட்டு ஜெரார் பக்கத்தில் நின்ற திண்டிவனத்து வண்டிக்காரரிடம் டீசல் இஞ்சினின் பெருமைகளை விளக்கப் போய்விட்டார். அவர் அங்கே டீசலைப் புகழப் புகழ, இங்கே தொட்டியில் பெட்ரோல் இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லை கடந்து மொரட்டாண்டியைத் தாண்டியதும் இஞ்சின் இருமியது. பிறகு ஒரு டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் போட்டது. பிறகு சத்தமே போடவில்லை. ஜெரார் சாவியைத் திருகினார், செபத்தை முழுதாகச் சொன்னார், ஒன்றும் நடக்கவில்லை. அஞ்செல் தூக்கைத் திறந்து இட்லியை எடுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

டெலிபோன் பூத்தைத் தேடிப் பிடித்துக் கலைவாணனைக் கூப்பிட்டு, அவன் பைக்கில் டீசல் கேனோடு வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. விமான நிலையத்தில் பெஞ்சமேன் யாரைத் திட்டிக்கொண்டிருந்தார் என்று யோசிக்க வேண்டிய அவசியமில்லை.

கலைவாணன் தொட்டி மூடியைத் திறந்து மூக்கை வைத்தான்.

"மிசே, பங்க்குல என்னா ஊத்த சொன்னீங்க?"

"ப்ளேன்."

"பிளெயினா?"

"வி."

"பிளெயின் எதுக்கு மிசே ஊத்த சொன்னீங்க?"

"பின்ன, பாதி தொட்டியோட மெட்ராசுக்குப் போவாங்களாடா?"

கலைவாணன் தார்ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். பின் சீட்டில் அஞ்செலின் கை இட்லியோடு பாதி வழியில் நின்றது. கன்னியர் பள்ளியில் பிரெஞ்சும், கடைத்தெருவில் தமிழும் படித்தவள் அவள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சினுக்கு ஒண்ணும் ஆவல. நின்னதே நல்லதாப்போச்சு. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா பம்பு போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கலைவாணன் அடியில் படுத்துத் தொட்டியைத் திறந்துவிட்டான். செய்தி மொரட்டாண்டிக்குள் எப்படிப் போனதோ, பாட்டிலும் குடமுமாக மொபெட்காரர்கள் வந்து குவிந்தார்கள். புதுச்சேரி பெட்ரோல் தமிழ்நாட்டுக்குள் இலவசமாகக் கிடைத்தது அன்று ஒரு நாள்தான். ஒருவர் ஜெராரைக் கையெடுத்துக் கும்பிட்டு, "எந்தக் கட்சிங்க நீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தொட்டியைக் கழுவி, டீசல் ஊற்றி, குழாயில் அடைத்த காற்றை வெளியேற்றக் கலைவாணன் கைபம்பை அடித்துக்கொண்டிருந்தபோது, சென்னைப் பக்கமிருந்து வந்த ஒரு டாக்சி பிரேக் போட்டு நின்றது. கறுப்புக் கண்ணாடியோடு பெஞ்சமேன் இறங்கினார். திமில் வைத்த பானெட்டைப் பார்த்தார், எண்ணெய் வடியும் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"என்னா மாப்ள, என்ன வழியனுப்ப வந்தியா, கூட்டிட்டுப் போக வந்தியா?"

ஜெரார் எண்ணெய்க் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அண்ணே, டாக்சிய அனுப்பிடுங்க. பொட்டிய இதுல வைங்க" என்றாள் அஞ்செல். அவள் எந்தப் பக்கம் என்று முகத்தில் தெரியவில்லை.

சாவி பாதி திரும்பியது. ரோட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். முழுதாகத் திரும்பியதும் இஞ்சின் ஒரு கரும்புகையை விட்டுத் தடதடவென்று எழுந்தது. அந்தப் புகை அடங்குவதற்குள் ரெட்டியார்பாளையம் வந்துவிட்டது என்று ஜெரார் பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலில் ஜெயம் நின்றிருந்தாள். ஜெரார் இறங்கியதும் தொப்பியைத் தூக்கி, "ஏர்போர்ட்டுலேர்ந்து நேரா வரோம்மா. ஒரே மூச்சு" என்றார்.

"மூச்சா? நடுரோட்டுல செத்துக் கெடந்துதும்மா" என்றார் பெஞ்சமேன், பெட்டியை இறக்கியபடி. "நல்ல இஞ்சின கழட்டிட்டு எவன் கண்டதையும் வெப்பான்? அஞ்செல், நாளைக்கே காயலாங்கடைக்காரன வரச் சொல்லு. இந்த டீசல் இஞ்சின நம்பி இனிமே ஒருத்தரும் ஏறக்கூடாது."

ஜெரார் பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். பானெட் இன்னும் சுட்டது. அவர் கையை எடுக்கவில்லை.

அஞ்செல் மாலையை எடுத்து அண்ணன் கழுத்தில் போட்டாள். இட்லித் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தப்பா சொல்றீங்க அண்ணே. இஞ்சினு எங்கயும் நிக்கல, வண்டி இங்கயே இருக்கட்டும். வழியில நின்னது இவரோட பிரெஞ்சு."