பதினொரு வளைவுகளை அளந்த பிலோமினா

வியாழக்கிழமை காலை நான் பேகம்பேட் சிக்னலில் நின்றபோது பிலோமினாவின் கணவர் போன் செய்தார். "சேகர், அவ போயிட்டா" என்றார். போலாரம் போய், அவர்கள் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

எங்கள் ஆபீசில் வரைபடம் போட்ட பிலோமினாவை உங்களுக்கெல்லாம் தெரியும். சிக்கந்தராபாத்தில் விக்டோரியா மகாராணி காலத்துக் கடைக் கட்டடம் ஒன்றை நாங்கள் அளந்தது சிலருக்குத்தான் தெரியும். அதை இடிக்கப் போவதாகப் பேச்சு வந்ததும், பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்க மனுப் போடலாம் என்று கிளம்பியவர் அவர்தான். ஞாயிறுதோறும் போனோம். முகப்பில் பதினொரு வளைவுகள். ஒன்றை அளந்துவிட்டு மற்றவற்றுக்கும் அதே அளவை எழுதினேன். "நக்கோ சேகர், இது வேணாம். வீட்டுக்குப் போற அவசரத்துல பத்து வளைவை முழுங்கிட்டீங்களே" என்று டேப்பை என் கையில் திணித்தார். அளந்து பார்த்தால் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. சுண்ணாம்புச் சுவருக்குள் மறைந்திருந்த இரும்புத் தூண்களைக்கூடத் தட்டித் தட்டியே கண்டுபிடித்தார். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எது வெறும் தடுப்பு என்று எல்லாம் வரைபடத்தில் குறித்தார்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. கட்டடத்தின் உரிமையாளர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, பழுது பார்க்க முடியுமா என்று யோசிப்பதாகச் சொல்லி வரைபடத்தின் நகலைக் கேட்டார். பிலோமினாவுக்கு நல்ல செய்தி கொண்டுபோகும் ஆசையில் அவரைக் கேட்காமலே கொடுத்தேன். மேலே "பழுதுபார்ப்புக்காக" என்று என் கையால் வேறு எழுதினேன், மடையன்.

இடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் ஓடினோம். காண்டிராக்டர் கையில் அந்த நகல். "பஹுத் அச்சா நக்ஷா, மேடம்" என்று வரைபடத்தை மெச்சினார். எங்கே தட்டினால் எது விழும் என்று அதிலேயே தெரிவதால், ஒரு மாத வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிடுமாம். பிலோமினா அதை வாங்கி, மேலே இருந்த என் எழுத்தைப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "வாங்க சேகர், பஸ் போயிடும்" என்றார்.

இப்போது அங்கே கண்ணாடி பதித்த ஐடி கம்பெனி இருக்கிறது. கட்டடம் இடிந்தபின் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தோம். அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

வியாழக்கிழமை சவப்பெட்டியருகே அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கட்டடத்தைப் பத்திப் பேச்செடுத்தாலே, நகலை நானே குடுத்துட்டேனேன்னு அழுவா" என்றார். அப்போதும் நான் பேசாமல் நின்றேன். பிலோமினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, சொந்த வீட்டில்கூட அவர் சொல்லாமல் விட்ட என் பெயர். நகலைக் கொடுத்தவன் நான்.