அத்தை கல்யாணப் பத்திரிகை

கல்யாணப் பத்திரிகையின் அடியில் குழந்தைகள் பெயரைப் போட்டு, எங்க அத்தை கல்யாணத்துக்கு வந்துடுங்க என்று அச்சடிப்பார்களே, அந்த ஒரு வரிக்காக ஒரு சங்கத்தையே கவிழ்த்தவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது.

அப்பா ஓசூரில் ஆப்செட் மிஷின் ஓட்டினார். டீக்கடை பெஞ்சில் ஏழு பேராகத் தொடங்கிய அச்சகத் தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழியிலும் நோட்டீஸ் போட்டு ஊரிலிருந்த எல்லா அச்சகத்து ஆட்களையும் அதில் சேர்த்திருந்தார். அந்த வருடம் அவருடைய அச்சகத்தில் ஒருவருக்கு மிஷினில் விரல் போனது. மிஷினுக்குத் தடுப்பு போடும்வரை ஊரில் எந்த அச்சகமும் ஓடாது என்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதனால் அத்தை கல்யாணத்துக்குப் பத்திரிகை கிடையாது, வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் முடிவானது. அத்தையே சரியென்றுவிட்டாள். நான்தான் மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பேச்சுவார்த்தைக்காகக் கிருஷ்ணகிரி போயிருந்த நாளில், அவர் முன்பே எழுதி வைத்திருந்த பத்திரிகைத் தாளை எடுத்துக்கொண்டு பள்ளியிலிருந்து நேராக அப்பா வேலை பார்த்த அச்சகத்துக்குப் போனேன். வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் செயலாளர் மகளாயிற்றே என்று வழிவிட்டார்கள். முதலாளி தாளைப் படித்தார். சாக்லேட் கொடுத்தார்.

"உம் பேரைப் பெரிசாவே போட்டுடலாம் பாப்பா."

ராத்திரியோடு ராத்திரியாக முதலாளியே அச்சடித்து, மறுநாள் காலை பந்தலில் இருந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு பத்திரிகை கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் எல்லோரும் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"ஏண்ணா, எங்க கை சும்மா கெடக்கறப்ப உங்க வூட்டு வேலை மட்டும் ஓடுதா?" என்று ஒருவர் கேட்டார்.

அப்பா பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். என் பெயர் சிவப்பு மையில் இருந்தது. கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

"எங்க வூட்டுதுதான்" என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையமர்த்திவிட்டார்.

அந்த வாரமே எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். தடுப்பு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதும் நின்றது. சாயங்காலங்களில் அப்பா தனியாக உட்கார்ந்திருப்பார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனால் நான் தப்பே செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று சங்கத்து ஆட்களுக்கென்று பந்தியில் ஒரு முழு வரிசையை அப்பா பிடித்து வைத்திருந்தார். இலை போட்டுப் பரிமாறியும் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. கடைசியில் அவர் மட்டும் போய் உட்கார்ந்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த லட்டெல்லாம் யாருக்கு என்று கேட்டேன்.

"நமக்குத்தான் பாப்பா" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம்.