கண்ணாடித்தாள் போட்ட சான்றிதழ்

தையல் கம்பெனியில் அவளைப் பிசிறக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டுவது அவள் வேலை. எட்டாவது முடித்த கையோடு இந்தத் தொழிலுக்கு வந்தவள், இருபத்தாறு வருடமாக நின்றபடியே வெட்டுகிறாள். கத்தரி நுனி பட்டு ஒரு சட்டைகூட வீணானதில்லை. பேச்சு மட்டும் வராது.

"பிசிறக்கா வாயத் தொறந்தா அன்னைக்குக் கம்பெனிக்கே லீவு விடணும்" என்பாள் பக்கத்து மேசைக்காரி. அதற்கும் சிரிப்புதான் பதில்.

வாய் சும்மா இருந்தாலும் கண் சும்மா இருக்காது. சூப்பர்வைசர் பெண்ணுக்கு இவள் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட. கல்லூரியில் படித்தவள். சம்பளம் இவளுடையதைப் போல மூன்று மடங்கு. அது போகட்டும். முதலாளி அந்தப் பெண்ணை "வாங்க" என்பார், இவளை "இந்தா" என்பார். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் போனில் ஒரு வார்த்தை போதும். இவளுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய கூலி போச்சு. முன்பு வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியபோது, படித்தவர்கள் பத்தே நாளில் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இவள் வகையறா நான்கு மாதம் பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. மகள் ஒருநாளும் அந்தக் கேட்டில் நிற்கக் கூடாது. மனசுக்குள் அவள் போட்டு வைத்திருந்த ஒரே முடிச்சு அதுதான்.

மகள் பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். விண்ணப்பத்தோடு நகல் வைத்தால் போதும் என்றார்கள். கல்லூரிப் பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. அசல் சான்றிதழை அம்மாதான் பத்திரப்படுத்தினாள். அவளுடைய எட்டாவது சான்றிதழ் ஒரு மழைக்காலத்தில் தகரப் பெட்டிக்குள்ளேயே ஈரமேறி, பூஞ்சை பிடித்து, எடுத்தபோது பொடிப்பொடியாக உதிர்ந்தது. இதுவும் அப்படி ஆகிவிடக் கூடாது. யாரிடமும் சொல்லாமல் ஜெராக்ஸ் கடைக்குப் போய், இரண்டு பக்கமும் கண்ணாடித்தாள் வைத்து ஒட்டி வாங்கிவந்தாள்.

"இனிமே தண்ணில போட்டாலும் ஒண்ணும் ஆகாதுக்கா" என்றார் கடைக்காரர்.

சேர்க்கைக்குக் கடைசி நாள். கல்லூரி அலுவலக ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"இத லேமினேஷன் பண்ணச் சொன்னது யாரு?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். கண்ணாடித்தாள் போட்டதை மகளும் அப்போதுதான் பார்க்கிறாள்.

"நாந்தாங்க. வீணாப் போயிரக் கூடாதுன்னு."

"இப்பதாம்மா வீணாப் போயிருக்கு. பின்பக்கம் நாங்க சீல் வைக்கணும். பேப்பர்ல வைக்கணும்."

"இதுக்கு மேலயே வச்சிருங்களேன் சார்" என்றாள் மகள்.

"துடைச்சா போயிரும்மா. பிரிச்சு எடுத்துட்டு வாங்க, நாலு மணி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த பேரக் கூப்பிட்டாகணும்."

அடுத்த பெயருக்குரிய பெண் தன் அம்மாவோடு எதிர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

இருவரும் பஸ் பிடித்துக் கம்பெனிக்கு ஓடினார்கள். அயர்ன் மாஸ்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சூடு காட்டினா பசை இளகும். ஆனா துணின்னா எனக்குத் தெரியும். இது உம் பொண்ணு தலையெழுத்து. உரிக்கறத நீயே உரி."

மேலே பருத்தித் துணியை விரித்து இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். அவள் ஓரத்தைக் கத்தரித்து, நகத்தால் நெம்பி, பின்பக்கத்துத் தாளை இழுத்தாள். வெந்த கிழங்கின் தோல் போலச் சுத்தமாக வந்தது.

"பிசிறக்கா கைன்னா சும்மாவா" என்றாள் பக்கத்து மேசைக்காரி. மகள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

முன்பக்கத்தைத் திருப்பினார்கள். மேல் மூலை நன்றாகத்தான் எழும்பியது. கொஞ்சம் இழுத்தாள், இன்னும் கொஞ்சம். கைக்கு ஏதோ தட்டுப்பட, நிறுத்திப் பார்த்தாள். காகிதத்தில் மகளின் பெயர் இருந்த இடம் வெளுத்திருந்தது. பெயர் கண்ணாடித்தாளில் ஒட்டிக்கொண்டு, இடம் வலம் மாறித் தெரிந்தது. அதன் கீழே பாதி மதிப்பெண்களும்.

மறுபடி அழுத்தி ஒட்டினாள். மாஸ்டர் அதன் மேல் தேய்த்துக் கொடுத்தார். எழுத்துகள் நசுங்கி, எறும்பு ஊர்ந்தது போல ஆயின.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. குமாஸ்தா அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"வேற பிரதி வாங்கணும்மா. ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் இடம் நிக்காது."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இது அவ செஞ்ச தப்பு இல்ல. அவகிட்டக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பா. நான் கேக்கல. எதை யாருகிட்டக் கேக்கணும்னே எனக்குத் தெரியாது சார். அவளுக்காவது தெரியட்டும்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி மகள் கேட்டதில்லை. குமாஸ்தா அந்தத் தாளை அவள் பக்கமே தள்ளினார்.

"புரியுதும்மா. என் கையில இல்ல."

கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். எதிர் பெஞ்சு அம்மா எழுந்து வந்தவள், ஜன்னலருகே தயங்கி நின்றாள்.

"மனசுல வச்சுக்காதீங்கக்கா."

"போங்க, மணியாகுது" என்று சொல்லி வழி விட்டாள் அவள்.

வெளியே படிக்கட்டில் மகள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நாளைலேர்ந்து நானும் உங்கூடக் கம்பெனிக்கு வரேம்மா. ஒரு வருஷந்தான."

"ஒரு வருஷந்தான்னு சொல்லித்தாண்டி என்னையும் சேத்துவிட்டாங்க."

அவள் மகளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போனாள். பிரதி எங்கே கிடைக்கும், யாரைப் பார்க்க வேண்டும், எதில் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒன்றும் தெரியாது. அலுவலக ஜன்னலை அடைத்துவிட்டார்கள். அவள் பலகையைத் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. மறுபடி தட்டினாள்.