மகளின் மாத்திரையைத் திறந்து பார்த்தவன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

மகளுக்காகவோ மருமகளுக்காகவோ குழந்தைப்பேறு மருத்துவமனையின் நடைகூடத்தில், மடியில் கோப்புடன் காத்திருப்பவர் எவரேனும் இதைப் படிக்கக்கூடும் என்று கருதி எழுதுகிறேன். நான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்டவன். ரயில் பார்சல் அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பணிபுரிந்தேன். மூட்டையின்மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று சோதிப்பதே என் வேலை. நான் அறிந்த ஆங்கிலமும் அங்கு வந்த சீட்டுகளைப் படித்துப் படித்துக் கற்றதே.

என் ஒரே மகள் வித்யா. வயது முப்பத்தாறு. கணவர் கார்த்திக்குடன் மேடவாக்கத்தில் குடியிருக்கிறாள். இருபத்தெட்டு நாட்களுக்கு ஒருமுறை வந்த மாதவிலக்கு, இருபத்திரண்டு நாட்களுக்கே வரத் தொடங்கியது. அலுவலக அலைச்சல் என்று எண்ணி ஓராண்டு விட்டுவிட்டாள். அந்த ஓராண்டை எங்களுக்குத் திருப்பித் தர எவராலும் முடியவில்லை.

தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் இரத்தம் எடுத்து ஏ.எம்.ஹெச். பார்த்தார்கள் (சினைப்பையிலுள்ள நுண்ணிய முட்டைப்பைகள் சுரப்பது, எத்தனை முட்டைகள் மீதமிருக்கும் என்று ஊகிக்க உதவுவது). அளவு குறைவு என்றார்கள். நான் நம்பவில்லை. வேறோர் ஆய்வகத்தில் மறுபடியும் எடுக்கச் செய்தேன். அங்கே வேறோர் எண் வந்தது. இரு தாள்களையும் டாக்டரம்மாவின் மேசைமீது அருகருகே வைத்தேன்.

“ரெண்டுமே கம்மிதான் சார்,” என்றார் அவர். “லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். டைம்தான் நமக்கு முக்கியம்.”

அவசரப்படுத்துகிறவரிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பது என் பழக்கம். எனவே மருமகனுக்கு விடுப்புக் கிடைக்காத நாட்களில் துணைக்குச் செல்லும் பொறுப்பை நானே ஏற்றேன். என் மனைவி காலமாகி ஆறாண்டுகள் ஆகின்றன. சிட்லபாக்கத்தில் தனியே இருப்பவனுக்கு வேறு வேலையும் இல்லை.

அடுத்த சந்திப்பில் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்கள். முட்டையிருப்புக் குறைந்த பெண்களுக்கு, முட்டை எடுப்பதற்கு முன் இரண்டு மாதம் ஒரு கேப்ஸ்யூல் (பொடி அடைத்த கூட்டு மாத்திரை) கொடுத்தால் பலன் கூடுகிறதா என்று பார்க்கிறார்களாம். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதேபோலத் தோன்றும் வெற்று மாத்திரை. வழக்கமான சிகிச்சையில் மாற்றம் இல்லை.

“என் மகளுக்கு எது கொடுப்பீர்கள்?”

“தெரியாது சார்.”

“உங்களுக்குமா?”

“எனக்கும் தெரியாது. தெரிஞ்சா ஆராய்ச்சியே செல்லாது.”

உள்ளே இருப்பது என்னவென்று அனுப்புகிறவருக்கே தெரியாவிட்டால், அந்தப் பொட்டலத்தை நாங்கள் வண்டியில் ஏற்றியதில்லை. சம்மதப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அகராதியைத் துணைக்கு வைத்து நான்கு நாட்கள் படித்தேன். ஏமாற்று எதுவும் அகப்படவில்லை. அகப்படாததே என் ஐயத்தை வளர்த்தது.

வித்யா சிரித்தாள். “படிக்கிறது நீங்க, கையெழுத்து போடுறது நான். ஓகேவா?” என்று சொல்லிப் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து எந்த நாளில் என்ன கொடுத்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று அனைத்தையும் குறித்துவந்தேன். நடைகூடத்தைப் பெருக்கும் ஆயாம்மா ஒருநாள் துடைப்பத்தை ஊன்றி நின்று கேட்டார்: “இன்னா சார், வந்ததுலேர்ந்து எழுதிகினே கீறே? எங்க மேல கேசு கீசு போடப்போறியா?”

“போடவேண்டி வந்தால் பார்க்கலாம்,” என்றேன்.

“அப்ப என் பேரையும் எழுதிக்கோ. ஒருத்தரும் எழுத மாட்றாங்கோ.”

மாத்திரை தொடங்கி மூன்றாம் வாரம் அக்காரியத்தைச் செய்தேன். மேடவாக்கத்துக்குச் சென்றிருந்தேன். தண்ணீர் லாரி வந்ததென்று வித்யா கீழே இறங்கிச் சென்றாள். குப்பி மேசைமேல் இருந்தது. ஒரு கேப்ஸ்யூலை எடுத்துப் பிரித்தேன். வெள்ளைப் பொடி. நாவில் வைத்தேன். கசப்பு இல்லை, மணம் இல்லை. சோள மாவைப் போல இருந்தது.

திரும்பி வந்தவளிடம் மறைக்கவில்லை.

“வெறும் மாவும்மா. உன்னை ஏமாத்துறாங்க.”

“அதை ஏம்ப்பா தொறந்தீங்க?” அவள் குரல் உயரவில்லை.

“தினமும் ஒண்ணை எடுத்துக் குப்பைத் தொட்டியில போட்டுடு. மாசக் கடைசியில குப்பியை வாங்கி எண்ணுவாங்க. எண்ணிக்கை சரியா இருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

அவள் குப்பியை மூடினாள். “சரிப்பா,” என்றாள்.

பிறரின் பொய்க்கணக்கைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் பெற்ற மகளுக்குப் பொய்க்கணக்குக் கற்றுக்கொடுத்தேன். அன்று அது எனக்குச் சாமர்த்தியமாகவே தோன்றியது.

பின்னர் ஊசிகள் தொடங்கின. பதினொரு நாட்கள், வயிற்றில் (முட்டைகள் ஒரே சமயத்தில் வளர்வதற்காக). ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். எட்டு முட்டைப்பைகளாவது தெரியும் என்று எதிர்பார்த்தோம். நான்கு தெரிந்தன. மூன்று முட்டைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று மட்டுமே கருவாக வளர்ந்தது. அதைக் கருப்பையில் வைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். கரு தங்கவில்லை.

வித்யா அழுததை நான் பார்க்கவில்லை. மருமகன் தொலைபேசியில், “மாமா, ரெண்டு நாள் வீட்டுக்கு வர வேணாம், ப்ளீஸ்,” என்று மட்டும் சொன்னார்.

அவ்விரண்டு நாட்களில் என் ஐயம் பக்கம் மாறியது. மருந்து என்றால் கசக்கவேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? அது உண்மையான மருந்தாகவே இருந்திருந்தால்? இன்னும் இரண்டு முட்டைகள் கிடைத்திருக்குமோ? அதைக் குப்பைத் தொட்டியில் போகச் செய்தவன் நானல்லவா? மருத்துவமனையில் திருடனைத் தேடிக்கொண்டிருந்தவன் கண்ணாடியில் என்னையே பார்த்தேன்.

மூன்றாம் நாள் எவரிடமும் சொல்லாமல் தனியே சென்று, ஆராய்ச்சிப் பிரிவின் செவிலியரிடம் நடந்த அனைத்தையும் சொன்னேன். அவர் சிறு வயதுப் பெண். இடைமறிக்காமல் கேட்டார்.

“வித்யா மேடத்தைக் கேக்காம அவங்க விஷயத்தை நான் உங்ககிட்ட பேசக் கூடாது சார். ஒரு நிமிஷம்,” என்று வெளியே சென்று பேசிவிட்டு வந்தார். தம் கைபேசியை என்னிடம் நீட்டினார்.

“அங்க எதுக்குப்பா போனீங்க?” வித்யாவின் குரல்.

“உண்மையைச் சொல்லிடலாம்னும்மா. உன் மேல தப்பு வரக் கூடாது.”

“நான் நிறுத்தவே இல்லப்பா. ஒருநாள்கூட விடலை. நீங்க தொறந்தீங்களே ஒண்ணு, அதையும் மறுநாளே அவங்ககிட்ட சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாங்க.”

“எங்கிட்ட சரின்னு சொன்னியே?”

“சொல்லலேன்னா இன்னொண்ணைத் தொறந்திருப்பீங்க.”

செவிலியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்திருப்பார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். மருத்துவமனை, ஆய்வகம், டாக்டரம்மா, செவிலியர் என்று அனைவரையும் நான் ஐயுற்றேன். அவர்கள் ஒருவரும் எனக்குப் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவள் என் மகள். சொல்லவைத்தவன் நான்.

எழும்போது, “அது மருந்தா, மாவா?” என்று மட்டும் கேட்டேன்.

“ஆராய்ச்சி முடிஞ்சப்புறம் எல்லாருக்கும் சொல்லுவோம் சார். இப்போ எனக்கே தெரியாது.”

இன்றுவரை சொல்லவில்லை. சொல்வார்களா என்ற ஐயம் எனக்கு முற்றிலும் நீங்கவுமில்லை. இதை மறைத்து எழுதுவது முறையாகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வித்யா சிட்லபாக்கம் வந்தாள். இன்னும் ஒருமுறை முயலப்போவதாகச் சொன்னாள். நான் எழுந்து, அவளுடைய மருத்துவத் தாள்களையும் என் குறிப்புகளையும் வைத்திருந்த கோப்பை எடுத்தேன்.

“இந்தத் தடவை கார்த்திக் லீவு போடுறார்ப்பா. நீங்க வர வேணாம்.”

“நான் பேசாம உக்காந்திருக்கேனே?”

“பேசாட்டியும் பாக்கிறீங்களேப்பா. ஊசி போடுறவங்களைப் பாக்கிறீங்க, அப்புறம் என்னைப் பாக்கிறீங்க. நான் பார்சல் இல்லப்பா.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. என் கையிலிருந்த கோப்பை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். போகும்போது வழக்கம்போல, “ராத்திரிக்கு இட்லி ஊத்திக்கோங்க,” என்றாள்.

ஐயா, அம்மையீர், அவளோடு சென்றுவந்த மாதங்களில் எனக்குக் கிழமைகள் இருந்ததில்லை. இன்று அவளுக்கு இரண்டாம் நாள், இன்று ஒன்பதாம் நாள், இன்று ஊசி என்றே விடிந்தது. அவள் வயிற்றில் குத்திய இடம் என் வயிற்றிலும் இழுத்துப் பிடித்தது. இப்போது செவ்வாய்க்கிழமை வெறும் செவ்வாய்க்கிழமையாக வருகிறது. அவள் உடலில் இன்று என்ன நாள் என்பது எனக்குத் தெரியாது. ஒருவருடைய உடல் அவருடையது என்பதை எழுபத்தோராம் வயதில்தான் அறிகிறேன்.

சென்ற வாரம் வந்திருந்தபோது காபி வேண்டாம் என்றாள். எப்போதும் இரண்டு டம்ளர் குடிப்பவள். கேட்க வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரை எடுத்துச் சென்று நானே குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்தேன்.

இத்தாள்களைப் படித்து முடித்தபின் எறிந்துவிடாமல், உங்கள் கோப்பில் ஏனைய தாள்களோடு வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.