தளபதியின் ஐந்து கப்பல்களும் என் ஒரு வரியும்

ராணி, சாமு, போன சனிக்கிழமை உங்கள் நைனா நான் திருப்பதிக்கு எதற்குப் போனேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களே. உட்கார்ந்து படியுங்கள்.

காலை ஐந்தரைக்குச் சித்தூரில் பஸ் ஏறினேன். எழுபது கிலோமீட்டர், டிக்கெட் இரண்டே முக்கால் ரூபாய். பக்கத்து சீட்டில் நம் எதிர்வீட்டு கோவிந்தசாமி.

"கோயில் பக்கமே வராத ஆளு, திருப்பதிக்கா? மொட்டை போட்டுக்கினு திரும்பினா பாதிரியார் உள்ள விடுவாரா?"

"முடி இருந்தாத்தானேண்ணா" என்று தலையைத் தடவிக் காட்டினேன். முன்சீட்டுக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

ஏழு மணி. பாகாலா தாண்டியதும் பனி. சந்திரகிரிப் பக்கத்து மலைகள் காலில்லாமல் மிதந்தன. மேலே தட்டையாக, சத்தமே இல்லாமல். விமானம் ஏறி இறங்கும் கப்பல்கள் அப்படித்தான் இருக்குமாம். எண்ணினேன், ஐந்து. யுத்தகாலத்தில் ஜப்பான் கடற்படைத் தளபதி ஒருவரும் அப்படி ஐந்து கப்பலோடுதான் கொழும்பைத் தாக்க வந்தார்.

அவரைப் பற்றி வாசகசாலையில் இங்கிலீஷ் புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். முதலில் ஆறு கப்பலோடு பெருங்கடலைக் கடந்து பெர்ல் துறைமுகத்தை அடித்தார். நான்கு மாதம் கழித்து, ஒரு ஈஸ்டர் காலை, கொழும்பு. நாங்கள் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து காப்பி குடிக்கிற நேரம், அங்கே துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்த உங்கள் பெரியப்பா யோபு குண்டுவீச்சில் இறந்தார். பிறகு மிட்வே தீவுச் சண்டையில், விமானங்களில் எந்தக் குண்டை மாட்டுவது என்ற உத்தரவைத் தளபதி மாற்றினார், மறுபடியும் மாற்றினார். அன்றைக்கே நான்கு கப்பல்கள் எரிந்தன. இரண்டு வருஷத்தில், சைப்பன் தீவில், தப்பிக்க ஒரு கப்பலும் இல்லாமல் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். ரொம்ப நாள் அந்த முடிவில் எனக்குச் சந்தோஷம்தான்.

உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. மெட்ராஸில் குண்டு விழும் என்று ஜனங்கள் மூட்டையோடு சித்தூருக்கு ஓடிவந்தார்கள். ஈஸ்டர் லீவில் வர இருந்த அண்ணனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'மெட்ராஸ் வழியாக வராதே.' அது அம்மா சொன்னது. 'அங்கேயே இரு.' அது நானாகச் சேர்த்தது.

எட்டு மணிக்குத் திருப்பதி. ஸ்டேஷன் எதிரில் முனிரத்தினம் தேங்காய்க் கடை வைத்திருக்கிறார். அண்ணனோடு துறைமுகத்தில் வேலை செய்தவர். அவர் உயிரோடிருக்கிற செய்தியே போன மாதம் ஒரு கல்யாணத்தில்தான் தெரிந்தது. நான் யாரென்று சொன்னதும் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார்.

"யோபு தம்பியா நீ?"

"ஆமாண்ணா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் லெட்டர் அவன் கைக்கு வந்துச்சா?"

ஒரு ஸ்டூலை எனக்கு இழுத்துப் போட்டார்.

"வந்துச்சு. படிச்சுக் காட்டினான். எங்க கேங்குல ஒருத்தனுக்குத்தான் லீவு, அது அவனுக்கு. 'நீ போடா, உன் பொண்டாட்டி மூஞ்சியயாவது பாரு'ன்னு எனக்குக் குடுத்துட்டான். சனிக்கிழமை ரயில் ஏறிட்டேன். தனுஷ்கோடியில எறங்கினப்புறம்தான் கொழும்புல குண்டு விழுந்த சேதியே தெரியும்."

"சித்தூர் எழுபது கிலோமீட்டர்தானேண்ணா. ஒரு தடவை வந்திருக்கலாமே."

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது? எம்புள்ள லீவுல நீ எப்படிடா வந்தேன்னு உங்கம்மா கேட்டா?"

அவர் மகள் காப்பி கொண்டுவந்தாள். "அடுத்த வருஷம் பொறந்தவ" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சக்கரை போதுமா சித்தப்பா?"

போதும் என்றேன். இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

பதினொரு மணி பஸ்ஸில் திரும்பினேன். வெயிலில் மலைகள் மலைகளாகவே நின்றன. தளபதி மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். பாகாலா வரைக்கும்கூட அது வரவில்லை.

அன்று சித்தூரில் இறங்கி நேராக வீட்டுக்கு வரவில்லை. தபாலாபீசில் ஒரு கார்டு வாங்கி, நின்றபடியே முனிரத்தினத்துக்கு எழுதினேன். 'இந்த ஈஸ்டருக்குக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள்.' பெட்டியில் போட்ட பிறகும் அதன் வாயிலிருந்து கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று.