மாத்திரையின் இரண்டாவது பாதி

மாத்திரை கசக்காது என்று அம்மா சொன்னது உண்மைதான். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு பேக்கரியில் என்னை உட்கார வைத்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த மாத்திரையை இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியைக் கரண்டியில் நசுக்கிச் சர்க்கரையோடு குழைத்து வாயில் வைத்தாள். பின்னாலேயே ஒரு தேங்காய் பன். கசப்பு தெரியவே இல்லை. அன்று அவள் என்னிடம் சொன்னவற்றில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

எனக்கு அப்போது ஆறு வயது. துடியலூரில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே அப்பாவின் லேத் பட்டறை. முழுப் பரீட்சை லீவில் மைசூருக்குப் போகிறோம், பெரியம்மா வீட்டில் தங்கி மிருகக்காட்சிசாலை பார்க்கிறோம், இரண்டே நாளில் திரும்பி வந்துவிடுகிறோம் என்று அம்மா சொல்லியிருந்தாள். தம்பி கைக்குழந்தை. பால் குடிக்கும்போதே அவனுக்கு மூச்சு வாங்கும், உதடு நீலம் பாரிக்கும். அவனை ஆஸ்பத்திரியில் அப்பா பார்த்துக்கொள்வார் என்றார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். அவன் பிறந்த பிறகு அம்மா எனக்கே எனக்கு என்று கிடைத்த முதல் நாள் அது. அவள் மடி காலியாக இருந்தது. அவள் கை என் தோள்மேல் இருந்தது.

பஸ் பயணம் எனக்கு ஆகாது. ஊட்டிக்குப் போனாலும் சரி, பழனிக்குப் போனாலும் சரி, வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்ததில்லை. அதுவரை எங்கள் வீட்டில் அதற்கு வைத்தியம் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு பிளாஸ்டிக் கவரும்தான். இந்த முறை மட்டும் மாத்திரை. திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அதற்காகத்தான் என்றாள். எனக்கு அந்த வளைவுகளைப் பார்த்தே ஆகவேண்டும். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதியிருக்கும், உரக்க எண்ணிக்கொண்டு போ, மேலே போனால் காட்டில் யானை நிற்கும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

சத்தியமங்கலம் வரும்போதே எனக்குத் தலை கனத்தது. கண்ணை விரித்து விரித்துப் பார்த்தேன். பஸ் அங்கே நின்றபோது அம்மா பர்ஸிலிருந்து காகிதத்தை எடுத்தாள்.

“இந்தா கண்ணு, இன்னொரு பாதி.”

“எனக்கு வாந்தியே வரலியேம்மா.”

“இனிமேத்தான் மலை வருது. வாயத் திற சாமி.”

திறந்தேன். அம்மா சொன்னால் வாயைத் திறப்பதுதான் அந்த வயதில் எனக்குத் தெரியும். முதல் பாதி வாந்திக்கு என்று வைத்துக்கொள்ளலாம். மருந்துக் கடைக்காரர் குழந்தைக்குப் பாதி போதும் என்று சொல்லிக் கொடுத்தது அது. இரண்டாவது பாதி எதற்கு? இந்தக் கேள்வியை நான் வளர்ந்த பிறகு எத்தனையோ முறை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் காது சூடாகிவிடும்.

ஒரு வளைவைக்கூட நான் பார்க்கவில்லை.

கண் விழித்தபோது ஒரு கட்டிலில் கிடந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே எங்கள் வீட்டில் இல்லாத பச்சை நிற ஃபேன். எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர். அப்போதுதான் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தேன். பஸ் போர்டு, கடை போர்டு, சோப்பு உறை எதையும் விடமாட்டேன். காலண்டரைப் படிக்கப் பார்த்தேன். எழுத்துகள் உருண்டை உருண்டையாக, தெரிந்த முகங்கள் போலவே இருந்தன. ஆனால் ஒன்றையும் படிக்க முடியவில்லை. அது கன்னடம் என்று எனக்கு யார் சொல்வது? தூங்கி எழுந்ததில் படிப்பு மறந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

“அம்மா” என்று கூப்பிட்டேன். பெரியம்மா வந்தார்.

“எந்திரிச்சுட்டயா அம்மணி? அம்மா கடைக்குப் போயிருக்கா. இப்ப வந்துருவா. பால் குடி.”

நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் இறங்கியது. தெருவில் போனவர்கள் எல்லாம் எனக்குப் புரியாத எதையோ பேசிக்கொண்டு போனார்கள். அம்மாவின் செருப்பு வாசலில் இல்லை. இருட்டத் தொடங்கியபோது பெரியப்பா வேலை முடிந்து சைக்கிளில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்தார், உள்ளே பார்த்தார். “புள்ளைக்கு இன்னும் சொல்லலியா?” என்று கேட்டார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியப்பாதான் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார்.

“உங்கம்மா மத்தியானமே ஊருக்குப் போயிட்டா சாமி. தம்பிக்கு நெஞ்சுல ஆபரேசன் பண்ணோணும். அவன் தேறி வர்ற வரைக்கும் நீ இங்கதான் இருக்கோணும்.”

நான் அழவில்லை. உள்ளே போய் அம்மா கொண்டுவந்த பையைக் கவிழ்த்தேன். இரண்டு நாள் பயணத்துக்கு என்று சொன்ன பையில் என்னுடைய துணி அத்தனையும் இருந்தது. தீபாவளிக்கு எடுத்த பட்டுப் பாவாடைகூட இருந்தது. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பெரியம்மாவின் கையைக் கடித்தேன். பல் பதிந்து ரத்தம் கசிந்தது. அவர் கையை உருவிக்கொள்ளவில்லை என்பது இன்னும் நினைவில் இருக்கிறது. மறுநாள் பக்கத்து வீட்டுப் போனில் பெரியம்மா அம்மாவிடம் பேசினார். “புள்ள சமத்து. அழவே இல்ல” என்றார். அதைப் பெருமையாகச் சொன்னார்.

லீவு முடிந்தும் நான் அங்கேதான் இருந்தேன். மிருகக்காட்சிசாலைக்குப் பெரியப்பா கூட்டிக்கொண்டு போனார். ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். யார் எதைக் கொடுத்தாலும் குடிக்க மாட்டேன். பாலாக இருந்தால் பெரியம்மா முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டவேண்டும். படுக்கப்போகும்போது பெரியம்மாவின் சேலை நுனியை என் மணிக்கட்டில் கட்டிக்கொள்வேன். தூங்கினால் யாராவது என்னை வேறு எங்கேயாவது கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். ஆறு வயதில் எனக்குத் தூக்கம் என்றால் அதுதான் அர்த்தம்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம்தான் வாய்விட்டுச் சொல்ல நேர்ந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பிழைத்த அந்தத் தம்பிக்கு இப்போது சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. கம்பெனி அவனை அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. மனைவியையும் இரண்டு வயதுப் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் அம்மா வீட்டில் கூடியிருந்தோம். ஒரு நாள் முழுக்க விமானத்தில் குழந்தையை எப்படிச் சமாளிப்பது என்று பேச்சு வந்தது. சளி மருந்து ஒரு மூடி கொடுத்தால் தூங்கிவிடும் என்று அவன் மனைவியின் வாட்ஸ்அப் குழுவில் பெண்கள் எழுதியிருந்தார்களாம்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: “குடுத்தா என்னாயிருது? புள்ள அசந்து தூங்கும். எல்லாருக்கும் நல்லது.”

“எல்லாருக்கும்னா யாருக்கு?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “சளியே இல்லாத புள்ளைக்குச் சளி மருந்து. அது யாருக்கு மருந்து? பக்கத்து சீட்டுக்காரனுக்கா? உனக்கா?”

“அக்கா, டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான்...” என்று தம்பி ஆரம்பித்தான்.

“கேளு. வாந்திக்கு, காதுவலிக்குன்னா கேளு. அவர் குடுக்கச் சொன்னா குடு. எதுக்குன்னு புள்ளகிட்டயும் சொல்லிட்டுக் குடு. ரெண்டு வயசுக்குப் புரியாட்டியும் சொல்லு. அது அழுகறது உங்களுக்குத் தொந்தரவுங்கறதுக்காகத் தூங்க வெச்சுப்போடாத. புள்ளையென்ன பார்சலா?”

பிறகு மைசூரைப் பற்றிச் சொன்னேன். காலண்டரை, கேட்டை, சேலை நுனியை, எல்லாவற்றையும். தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அவன் எதிரில் உயிரோடு உட்கார்ந்திருப்பதே என் வழக்குக்கு எதிர்சாட்சி போல இருந்தது. அதுவும் சேர்ந்து என் கோபத்தைக் கிளறியது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “நீ முழிச்சுட்டு அம்மான்னு ஒரு சத்தம் போட்டிருந்தா, என்னால உன்னைய உட்டுப்போட்டு வந்திருக்க முடியாது கண்ணு. வராட்டி இவன் இருக்கமாட்டான்” என்றாள்.

“நான் அழுதிருக்கணும்மா. அதைக் கேட்டுப்போட்டே நீ என்னைய உட்டுப்போட்டு வந்திருக்கணும். என்ற அழுகையை எங்கிட்டருந்து எடுத்துட்டயே.”

குழந்தை என் சத்தத்தில் மிரண்டு அழுதது. தம்பி மனைவி அதைத் தூக்கிக்கொண்டு, “நாங்க குடுக்கலீங்க” என்றாள். கொடுக்கவில்லை. போய் இறங்கியதும் தம்பி போன் செய்தான். குழந்தை பாதி வழி அழுதுகொண்டும் மீதி வழி ஜன்னலில் மேகத்தைக் காட்டிக் கத்திக்கொண்டும் வந்தாளாம். பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தாராம். சுளிக்கட்டும்.

என் கோபம் தணிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, நான் சொல்லாமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. அது மைசூரிலிருந்து திரும்பி வந்த நாள்.

அம்மாதான் அழைத்துப்போக வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். நான் அவளிடம் ஓடவில்லை. பெரியம்மா தள்ளிவிட்ட பிறகுதான் போனேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொண்டேன். தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்குக்கு நேரே நீட்டினாள், தட்டிவிட்டேன். அது சீட்டுகளுக்கு அடியில் உருண்டு எங்கேயோ போனது. கண்ணில் நீர் வழியும்வரை இமைக்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திம்பத்தில் பஸ் இறங்கத் தொடங்கியது. வளைவுகளின் நம்பர்களை உரக்கப் படித்தேன். நான்கைந்து வளைவு தாண்டியதும் வயிறு புரட்டியது. ஜன்னல் பக்கத்திலேயே இருந்தது, திறந்துதான் இருந்தது. நான் தலையை அந்தப் பக்கம் திருப்பவில்லை. அம்மா பக்கம் திரும்பி அவள் மடியிலேயே எடுத்தேன். காலையில் பெரியம்மா ஊட்டிய இட்லி முழுவதும் அவள் சேலையில். அடுத்த வளைவில் மறுபடியும். வேண்டுமென்றேதான் செய்தேன்.

பஸ்ஸே முகம் சுளித்தது. கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து கத்தினார். “ஏம்மா, மலைப்பாதைன்னு தெரியுமில்ல? ஒரு மாத்திரையப் போட்டுப் புள்ளையத் தூங்க வெச்சுக் கூட்டிட்டு வரக்கூடாதா?”

“வேண்டாங்க. அவ முழிச்சுட்டே வரட்டுங்க” என்றாள் அம்மா.

கீழே பண்ணாரியில் பஸ் நின்றது. கோயில் குழாயடியில் என் முகத்தையும் கையையும் கழுவிவிட்டாள். உடன் வந்த ஒரு பெண், சேலையை அலசிக்கொள்ளச் சொல்லி வாளியை நகர்த்தினாள். அம்மா தலையாட்டி மறுத்துவிட்டு, அந்த ஈரத்தோடும் நாற்றத்தோடும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பழிவாங்கிவிட்டேன், நான்தான் ஜெயித்தேன் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். ஊர்வரை அப்படியே நாறிக்கொண்டு வரட்டும் என்று நினைத்தேன். நான் இத்தனை செய்தும் அவள் ஏன் ஒரு அடிகூட அடிக்கவில்லை, ஏன் என்னை அந்த அழுக்கு மடியிலேயே இழுத்து அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.